சிக்கிம்: ஒத்தை ரோட்டில் தொங்கும் மாநிலம்

சிக்கிம் போய்ட்டு வந்து பயணக் கட்டுரை எழுதுற நம்ம மக்கள் எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே சமாச்சாரத்தைத்தான் எழுதுறாங்க. சோம்கோ ஏரிக்கரையில யாக் மேல ஏறி ஒரு போட்டோ. நாது லாவுல வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற சீனச் சிப்பாயைப் பார்த்த கதை. குருதோங்மார் ஏரியில மூச்சு வாங்கினது. காங்டாக் எம்.ஜி. மார்க் தெருவுல மோமோ. எல்லாம் முடிஞ்சு கடைசிப் பத்தியில தவறாம ஒரு வரி வரும்: "எல்லாம் சூப்பர், ரோடுதான் கொஞ்சம் மோசம்."

அந்தக் கடைசி வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒரு பதிவு போடலாம்னு உக்காந்திருக்கேன். என்னைக் கேட்டா சிக்கிமோட பாதிக் கதை அந்த வரிக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துருங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். சிக்கிம்ல இதுவரைக்கும் கட்டின பெரிய பெரிய ஐட்டமெல்லாம் அந்த ஊர் வழியா வேற எங்கயோ போறவனுக்காகக் கட்டினது, இல்லன்னா அங்கேருந்து எதையோ எடுத்துட்டு வர்றவனுக்காகக் கட்டினது. அங்கயே பொறந்து குடியிருக்கிறவனுக்கு மிஞ்சினது ஒரே ஒரு ரோடு. அந்த ரோட்டையும், அணையையும், ரயில் பாதையையும் ஒரே பள்ளத்துக்குள்ள அடுக்கி வெச்சிட்டு, மழை வந்து அடிச்சுட்டுப் போனா 'இயற்கைச் சீற்றம்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சிடறோம்.

முதல்ல ஊர் அமைப்பு.

முறம் ஞாபகம் இருக்கா? (இப்ப எத்தனை வீட்ல இருக்குன்னு தெரியல.) மூணு பக்கம் விளிம்பு தூக்கி இருக்கும், ஒரு பக்கம் வாய் திறந்து கிடக்கும். சிக்கிம் அச்சு அசல் அப்படித்தான். மேற்கே நேபாளத்தை ஒட்டி சிங்காலிலா மலைத்தொடர், அதோட தலைமாட்டுல 8,586 மீட்டர் உசரத்துல கஞ்சன்ஜங்கா. வடக்கே திபெத் பீடபூமியோட விளிம்பு. கிழக்கே சோலா மலைத்தொடர். நாது லா, ஜெலெப் லா கணவாய்கள் எல்லாம் அதுலதான் வருது. தெற்குப் பக்கம் மட்டும் திறப்பு. அந்தத் தெற்கு மூலையில உசரம் சுமார் 300 மீட்டர்தான். மொத்தப் பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி பிரியறதுக்கு முன்னாடி இருந்த பழைய விழுப்புரம் மாவட்டத்தை நினைச்சுக்குங்க, கிட்டத்தட்ட அதே அளவு. அதுக்குள்ள 300 மீட்டர்லேருந்து எட்டாயிரத்துச் சொச்சம் மீட்டர் வரைக்கும் ஏறணும். ஜனத்தொகை 2011 கணக்கெடுப்புப்படி 6.1 லட்சம்.

முறத்துல தண்ணிய ஊத்தினா எந்தப் பக்கம் போகும்? வாய்ப் பக்கம்தான். காங்டாக்ல வருஷத்துக்குச் சுமார் 350 சென்டிமீட்டர் மழை. நம்ம சென்னைக்கு 140, அதுக்கே நாம படகு தேடுறோம். சிக்கிம்ல பெய்யற மழை, உருகுற பனி எல்லாம் சேர்ந்து தீஸ்தா நதியா, அதோட துணை ரங்கீத்தா அந்தத் தெற்கு வாய் வழியாத்தான் வெளிய போயாகணும். மனுஷனுக்கும் வேற வாசல் கிடையாது. நதி அறுத்து வெச்ச பள்ளத்துல நதிக்குப் பக்கத்துலயே ரோட்டைப் போட்டுக்கிட்டான். அதுதான் தேசிய நெடுஞ்சாலை 10. பழைய ஆளுங்களுக்கு 31ஏ.

சிலிகுரியிலேருந்து காங்டாக் 110 கிலோமீட்டர் சொச்சம். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த ரோட்ல ஆபத்தான பாகம், சேவோக்லேருந்து ரங்போ வரைக்கும் இருக்கிற 50 சொச்சம் கிலோமீட்டர், சிக்கிம்லயே இல்ல. மேற்கு வங்காளத்துல இருக்கு. அரிசி, உப்பு, பெட்ரோல், கேஸ் சிலிண்டர், மருந்து, மாணவன், நோயாளி, டூரிஸ்ட் எல்லாம் பக்கத்து மாநிலத்துக்காரன் கொல்லைப்புறம் வழியாத்தான் வரணும். 2017ல டார்ஜிலிங் பக்கம் கூர்க்காலாந்து கேட்டு 104 நாள் பந்த் நடந்துச்சே, அப்ப சிக்கிம்காரங்க பட்ட பாடு நம்ம பேப்பர்ல ஒரு மூலையிலகூட வரல. அந்தச் சண்டையில அவங்க ஒரு தரப்பே கிடையாது. ஆனா மாட்டினது அவங்கதான்.

இந்த ரோட்ல ஷேர் ஜீப்புல போனவங்களுக்குத் தெரியும். முன்னாடி ஒரு வரிசை, நடுவுல ஒரு வரிசை, பின்னாடி ஒரு வரிசைன்னு பத்துப் பேரை அடைச்சுக்கிட்டுக் கிளம்பும். ஒரு பக்கம் சுவர் மாதிரி மலை, இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணி. நான் போனப்போ முன்சீட்ல இடம் கிடைச்சுது. டிரைவரை எல்லாரும் 'தாஜு'ன்னு கூப்பிட்டாங்க, நேபாளியில அண்ணன். அந்த தாஜு ரோட்டைப் பார்த்ததைவிட மலைச்சரிவைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னு கேட்டா, "ரோடு எங்கயும் ஓடிப் போகாது சாப், கல்லுதான் ஓடி வரும்"னார். அங்க இருக்கிற பாறை பெரும்பாலும் சிலேட்டுப் பலகை மாதிரி ஏடு ஏடா உரியற ஜாதி. ரோடு அகலம் பண்றேன்னு அடிவாரத்துல ஒரு வெட்டு வெட்டினா, மேல இருக்கிறது அடுத்த மழையில கீழ வந்து உக்காந்துக்கும். பொக்லைன் வந்து அள்ளி நதியில தள்ளும். மறுபடி மேலேருந்து வரும். மழைக்காலம் முழுக்க இதே பிழைப்பு.

நிற்க. இந்த வழி யாருக்காக வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னால போய்ப் பார்க்கலாம்.

1642ல யுக்சோம்ல புந்த்சோக் நம்கியாலை முதல் சோக்யாலா, அதாவது தர்மராஜாவா, பட்டம் கட்டினதோட சிக்கிம் ராஜ்ஜியம் ஆரம்பம். 333 வருஷம் அந்த வம்சம். அவங்க தலைநகரை யுக்சோம், ரப்தென்ட்ஸே, தும்லோங், காங்டாக்னு நாலு இடத்துல மாத்தி மாத்தி வெச்சிருக்காங்க. அவங்களைப் பொறுத்தவரை சிக்கிம் ஒரு நாடு. வெள்ளைக்காரனுக்கு அது ஒரு நடைபாதை. 1835ல டார்ஜிலிங்கை வாங்கிக்கிட்டான், உடம்பு தேத்துற மலைவாசஸ்தலம்னு பேரு. 1861 தும்லோங் ஒப்பந்தத்துல சிக்கிம் வழியா ரோடு போடற உரிமையை எழுதி வாங்கினான். எதுக்கு? சிக்கிம்காரன் சந்தைக்குப் போகவா? திபெத்துக்கு வியாபாரம் போக. 1903 கடைசியில யங்ஹஸ்பண்டு படையைக் கூட்டிக்கிட்டு ஜெலெப் லாவைத் தாண்டி லாசாவுக்குப் போனதும் இதே வழியிலதான். கணவாய் வரைக்கும் பாதை வந்துச்சு, பாதைக்குப் பக்கத்துல இருந்த கிராமத்துக்கு ஒண்ணும் வரல.

சுதந்திரம் வந்தப்புறம் கதை மாறுச்சான்னா, பெருசா இல்ல. 1950 இந்திய-சிக்கிம் ஒப்பந்தத்துல பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்து, தகவல் தொடர்பு இந்தியா கையில. ரயில்வே, விமானத்தளம், தபால், தந்தி அமைக்கிற தனி உரிமையும் டெல்லிக்குத்தான்னு அதுலயே இருக்கு. ரயில்வே போடற தனி உரிமையை வாங்கி முக்கால் நூற்றாண்டு ஆயிடுச்சு, சிக்கிமுக்குள்ள இன்னும் ஒரு பயணிகள் ரயில் போகல. :-) 1962 சண்டைக்கப்புறம், 1967ல நாது லா மோதலுக்கப்புறம், ராணுவ ரோடு மளமளன்னு வந்துச்சு. அதுல தப்பு சொல்ல மாட்டேன், எல்லையில சிப்பாய் பனியில நிக்கிறான், அவனுக்குச் சோறு போகணும். 1975ல வாக்கெடுப்பு, சேர்க்கைக்கு ஆதரவா 59,637, எதிரா 1,496. 22வது மாநிலமாச்சு. அது சரியா தப்பான்னு இங்க நான் இறங்கல, அது தனிப் பஞ்சாயத்து. மன்னர் போனாலும், மாநிலம் ஆனாலும், டெல்லி வரைபடத்துல சிக்கிமோட பேரு 'வழி'தான்.

இப்ப அந்த நதிக்கு வருவோம். நம்ம ஆளுங்க பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இந்தப் பள்ளத்தாக்குல ஏற்கெனவே ஒரு ரயில் ஓடினது. டார்ஜிலிங் பொம்மை ரயில் கம்பெனியோட கிளைப்பாதை. 1915ல தீஸ்தா ஓரமாவே காலிம்போங் ரோடு ஸ்டேஷன் வரைக்கும் போட்டாங்க. 1950 வெள்ளத்துல நதி அதைப் பிச்சுப் போட்டுடுச்சு. திரும்பக் கட்டவே இல்ல, மூடிட்டாங்க. அடுத்து 1968 அக்டோபர் முதல் வாரம். மறுபடி பெருவெள்ளம், தீஸ்தா பஜார்ல இருந்த ஆண்டர்சன் பாலம் போச்சு, கீழ சமவெளியில ஜல்பாய்குரி ஊரே தண்ணிக்குள்ள. 2011 செப்டம்பர் 18ல 6.9 ரிக்டர் பூகம்பம், வடக்கு சிக்கிம் ரோடெல்லாம் மலைச்சரிவுல மூடிப் போய் சுங்தாங், லாச்சென், லாச்சுங் பக்கம் ஹெலிகாப்டர்தான் கதி. அதாவது இந்த நதி யார்கிட்டயும் எதையும் மறைக்கல. நான் எப்படிப்பட்டவன்னு தலைமுறைக்கு ஒரு தடவை சொல்லிக்கிட்டுதான் இருக்கு.

அங்கத்திய பூர்வகுடி லெப்சாக்கள் இதைக் கதையாவே வெச்சிருக்காங்க. தீஸ்தாவும் ரங்கீத்தும் காதலர்கள். சமவெளிக்கு முன்னப்பின்ன கிளம்பி ஒரு இடத்துல சேரணும்னு பேச்சு. தீஸ்தாவுக்கு வழிகாட்டி பாம்பு, ரங்கீத்துக்குப் பறவை. பறவை அங்கயும் இங்கயும் அலைஞ்சதுல ரங்கீத் லேட்டு. வந்து பார்த்தா தீஸ்தா முன்னாடியே நிக்கிறா. ஆம்பளைக்கு ரோஷம் வந்து திரும்பி மேல போக, தண்ணி தேங்கி ஊரே முழுகிடுச்சு. தெண்டோங் மலை கொம்பு மாதிரி உசந்து ஜனங்களைக் காப்பாத்துச்சுன்னு கதை. வருஷா வருஷம் ஆகஸ்ட் 8ல அந்த மலைக்கு விழா எடுக்கிறாங்க. வெள்ளத்தை ஞாபகம் வெச்சுக்கறதுக்கு ஒரு பண்டிகையே இருக்கிற ஜனங்க. அவங்க பேச்சைத்தான் நாம கேக்கல.

2000க்கு மேல நீர்மின் திட்டக் காய்ச்சல் வந்துச்சு. தீஸ்தாவை ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு கட்டம் கட்டமாப் பிரிச்சு அடுக்கிட்டாங்க. அரசுக்கு இதுல என்ன கிடைக்கும்? உற்பத்தியாகுற மின்சாரத்துல 12 சதவீதம் இலவசம், அதை வித்தா காசு. ஒரு சின்ன மலை மாநிலத்துக்கு அது சின்ன காசு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா 1,200 மெகாவாட் தீஸ்தா மூணாம் திட்டத்துல வர்ற கரண்டுல சிக்கிமோட தேவை ஒரு சின்னப் பங்குதான். மத்ததெல்லாம் கம்பி ஏறிச் சமவெளிக்கு. மறுபடி அதே 'வழி' கதை. முன்னாடி திபெத்துக்குச் சரக்கு போன பள்ளத்துல இப்ப கரண்டு போகுது.

ஜோங்குன்னு ஒரு இடம், லெப்சாக்களுக்குன்னே ஒதுக்கின பகுதி. அங்க வரவேண்டிய அணைகளை எதிர்த்து 2007 ஜூன்ல காங்டாக்ல உண்ணாவிரதம் ஆரம்பிச்சாங்க. முதல்ல ரெண்டு இளவட்டங்க 63 நாள். அப்புறம் மாத்தி மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல. கூட்டம் சேர்க்கிற கட்சி இல்ல, கத்துற டிவி இல்ல. கடைசியில ஜோங்குல நாலு திட்டத்தை அரசு கைவிட்டுச்சு. அதுக்கும் முன்னாடி, 1997ல, யுக்சோம் பக்கம் ராதோங் சூ திட்டத்தை, அது புனிதமான இடம்னு ஜனங்க எதிர்த்ததால, அப்ப முதல்வரா இருந்த பவன் சாம்லிங் நிறுத்தினார். அதே சாம்லிங் ஆட்சியிலதான் மத்த திட்டங்களும் வரிசையா வந்துச்சு. அரசியல்வாதியை நல்லவன் கெட்டவன்னு ரெண்டு டப்பாவுல போடறது கஷ்டம்.

டெல்லிப் பல்கலைக்கழகம் முன்னின்னு நடத்தின தீஸ்தாப் படுகை ஆய்வு, சுங்தாங்குக்கு மேல பெரிய அணைகள் வேணாம்னு சொல்லுச்சு. சரி, மேல கட்டல. சுங்தாங்லயே கட்டிட்டாங்க! லாச்சென் சூவும் லாச்சுங் சூவும் சேர்ற முக்குல 60 மீட்டர் உசரத்துல அணை, சுமார் 14,000 கோடி செலவு, 2017ல ஓட ஆரம்பிச்சுது.

அதுக்கு மேல சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, 5,200 மீட்டர் உசரத்துல தெற்கு லோனாக்னு ஒரு பனிப்பாறை ஏரி. பனிப்பாறை உருகி உருகி ஏரி வருஷா வருஷம் பெருத்துக்கிட்டே போச்சு. 2013லயே தேசிய தொலையுணர்வு மைய ஆளுங்க இது உடையற வாய்ப்பு 42 சதவீதம்னு கட்டுரை போட்டாங்க. 2016ல சோனம் வாங்சுக் குழு போய் பிளாஸ்டிக் குழாய் போட்டு தண்ணிய உறிஞ்சி வெளியேத்திப் பார்த்துச்சு. முன்னெச்சரிக்கைக் கருவி வைக்கிற வேலை 2023 செப்டம்பர்லதான் தொடங்குச்சு.

2023 அக்டோபர் 3 ராத்திரி. (1968ஐ மேல சொன்னேன் பாருங்க, அதே அக்டோபர் முதல் வாரம்.) ஏரிக்கரையில உறைஞ்சு கிடந்த மண்ணும் கல்லும் மொத்தமாச் சரிஞ்சு ஏரிக்குள்ள விழுந்துச்சு. ஏரி உடைஞ்சுது. செப்டம்பர் 28ல 167 ஹெக்டேர் இருந்த ஏரி அக்டோபர் 4ல 60 ஹெக்டேர்னு இஸ்ரோ படத்துலயே தெரிஞ்சுது. நடுராத்திரி வாக்குல சுங்தாங் அணைக்கு வந்து சேர்ந்துச்சு தண்ணி. மதகைத் திறக்கறதுக்குள்ள அணையே போயிடுச்சு. அணையில நின்ன தண்ணியும் சேர்ந்துக்கிட்டு சிங்தாம், ரங்போ, தீஸ்தா பஜார்னு அடிச்சுக்கிட்டு இறங்குச்சு. சிங்தாம் பக்கம் பர்தாங்ல நிறுத்தியிருந்த ராணுவ வண்டிகளோட 23 சிப்பாய்களைக் காணோம், அதுல ஒருத்தர்தான் உயிரோட கிடைச்சார். மொத்தம் 55 பேர் செத்து, 74 பேர் காணாமப் போனதா 2025ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு சொல்லுது. அந்தப் பேர் தெரியாத 74ல எத்தனை பேர் பீகார்லேருந்தும் வங்காளத்துலேருந்தும் கூலிக்கு வந்தவங்களோ.

ஆறு வருஷம் ஓடின 14,000 கோடி அணை சில நிமிஷத்துல போச்சு. வெள்ளம் விட்டுட்டுப் போன மண்ணுல தீஸ்தாவோட படுகையே மேல ஏறிடுச்சு. அதனால இப்ப சாதாரண மழைக்கே தீஸ்தா பஜார் பக்கம் தண்ணி ரோட்ல ஏறுது. 2024 ஜூன்ல வடக்கு சிக்கிம் ரோடு அறுந்து லாச்சுங்ல ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்டுங்க மாட்டிக்கிட்டாங்க, சங்கலாங்ல புதுசாப் போட்ட தொங்குபாலமும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதே ஆகஸ்ட்ல சிங்தாம் பக்கம் மலையே சரிஞ்சு தீஸ்தா ஐந்தாம் திட்டத்தோட மின்நிலையத்து மேல விழுந்துச்சு. நதி பள்ளத்தை இழுக்குது, பள்ளம் மலையை இழுக்குது, மலை ரோட்டை இழுக்குது. நாம தனித்தனி இலாகா தனித்தனி கோப்பு வெச்சிருக்கோம், மலைக்கு அதெல்லாம் தெரியாது.

இத்தனைக்கும் அப்புறம் என்ன முடிவு எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? 2025 ஜனவரியில, அதே சுங்தாங்ல, அதே இடத்துல, பழைய 60 மீட்டருக்குப் பதிலா 118 மீட்டர் சொச்சம் உசரத்துல கான்க்ரீட் அணை கட்டலாம்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட நிபுணர் குழு பரிந்துரை பண்ணிடுச்சு. புதுசா ஒரு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்கூட வைக்காம. எனக்குப் படிச்சதும் சிரிப்பு வரல, கோபம்தான் வந்துச்சு. பல்லு விழுந்த இடத்துல இன்னும் பெரிய பல்லாக் கட்டுங்கன்னா எப்படிங்க, ஈறுல பிரச்சனைன்னு பார்க்க வேணாமா? தெற்கு லோனாக் மாதிரி ஏரிங்க அந்த மலையில இன்னும் நிறைய இருக்கு.

இப்ப ஒருத்தர் பின்னூட்டத்துல வந்து கேப்பார், எனக்குத் தெரியும்: "சென்னையில ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, மலைக்காரன் மட்டும் சிம்னி விளக்குல இருக்கணும்னு சொல்ற மேட்டுக்குடித்தனம்தானே இது?" நியாயமான கேள்வி. அதனால ஒண்ணொண்ணா.

கரண்டு வேணாம்னு யாரும் சொல்லல. அந்த ஊருக்குத் தேவையான கரண்டுக்கு 118 மீட்டர் அணை வேணாம்னு சொல்றேன். வருமானம்? இலவச மின்சாரத்துல வர்ற வருமானத்தோட, ஒரு தடவை ரோடு போனா டூரிஸம் படுக்கறது, பாலம் திரும்பக் கட்டறது, வீடு போனவனுக்குக் குடுக்கறது எல்லாத்தையும் அதே நோட்டுல எதிர்ப் பக்கம் எழுதிக் கூட்டிப் பாருங்க. அப்புறம் பேசலாம். பாதுகாப்பு? சீனாக்காரன் அந்தப் பக்கம் இருக்கான், 2017ல டோக்லாம்ல ரெண்டு மாசத்துக்கு மேல முறைச்சுக்கிட்டு நின்னான், உண்மைதான். அதனாலதான் சொல்றேன், எல்லையில ஒரு பட்டாளமே இருக்கிற மாநிலத்துக்குப் போற முக்கியமான ரோடு ஒரு ராத்திரி மழைக்குத் தாங்கலன்னா அது என்ன பாதுகாப்பு?

ரயில் வருதேன்னு கேப்பீங்க. சேவோக்-ரங்போ பாதை, சுமார் 45 கிலோமீட்டர், 14 சுரங்கம், முக்கால்வாசிக்கு மேல பூமிக்குள்ளயே. 2009ல அடிக்கல் நாட்டினது, இன்னும் வேலை நடக்குது. 1915 பாதை மாதிரி நதிக்கரையில போடாம மலைக்குள்ள போட்டது புத்திசாலித்தனம், அதைச் சொல்லித்தான் ஆகணும். எனக்கு இருக்கிற சங்கடம் வேற. சுரங்கத்துக்கு மேலயும் பக்கத்துலயும் இருக்கிற அதே சரிவுலதான் ரோடும் இருக்கு, வீடும் இருக்கு. அணை, ரோடு, ரயில் மூணையும் ஒரே இடத்துல செருகினா, அடுத்த அக்டோபர்ல ஒண்ணு போனா மத்த ரெண்டும் கைகுடுக்குமா, இல்ல கூடவே போகுமா?

விமானம்? பாக்யோங் விமான நிலையம், சுமார் 4,500 அடி உசரத்துல மலையை வெட்டி, பெரிய தாங்குசுவர் எழுப்பி, 600 கோடி சொச்சத்துல கட்டினது. 2018ல திறந்தாங்க. பொறியியலா பார்த்தா கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா மேகம் இறங்கினா விமானம் இறங்காது, சிக்கிம்ல மேகம் இறங்காத நாள் எத்தனை? 2019ல சேவை நின்னுச்சு, 2021ல திரும்ப வந்துச்சு, மறுபடி நின்னுச்சு. இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

இத்தனை திட்டினதுக்கப்புறம் ஒரு நல்லதையும் சொல்லணும், இல்லன்னா மனசு கேக்காது. சிக்கிம் தனக்காகத் தானே செஞ்சுக்கிட்ட சின்ன வேலைகள் எல்லாம் அழகா ஓடுது. 'தாரா விகாஸ்'னு ஒண்ணு, 2008ல மாநில ஊரக வளர்ச்சித் துறை ஆரம்பிச்சது. 'தாரா'ன்னா ஊற்று. மலைக் கிராமத்துக்காரங்க பெரும்பாலும் குடிக்கிறது ஊற்றுத் தண்ணிதான். இவ்வளவு மழை பெய்ற ஊர்ல கோடையில ஊற்று வத்திப் போச்சு, ஏன்னா மழைத்தண்ணி நிக்காம ஓடிடுது. நம்ம சிரபுஞ்சி கதைதான். என்ன பண்ணாங்க? நூறு நாள் வேலைத் திட்டத்து ஆளுங்களை வெச்சு, ஊற்றுக்கு மேல இருக்கிற சரிவுல சின்னச் சின்னதா வாய்க்கால் குழி வெட்டி, மழைத்தண்ணியை நிறுத்தி மண்ணுக்குள்ள இறக்குனாங்க. வத்தின ஊற்றுகள் பல திரும்ப வந்துச்சு. டைனமைட் வேணாம், டெண்டர் வேணாம், மண்வெட்டி போதும். இதைத் திறந்து வைக்க யாரும் டெல்லியிலேருந்து வரமாட்டாங்க, கல்வெட்டு வைக்கவும் இடம் கிடையாது. அதனாலயே நமக்குத் தெரியாமப் போச்சு.

அப்ப என்னதான் பண்ணணும்ங்கிறே? நான் இன்ஜினியர் இல்ல. ஆனா வரிசை மாத்தணும்னு சொல்றதுக்கு இன்ஜினியரா இருக்கணும்னு அவசியம் இல்ல. ரெண்டாவது ரோடு முதல்ல. 717ஏன்னு ஒரு நெடுஞ்சாலை வேலை நடந்துக்கிட்டிருக்கு, டூவார்ஸ் பக்கம் பக்ராகோட்லேருந்து கிளம்பி, தீஸ்தாப் பள்ளத்துல இறங்காம கிழக்கால மலை மேலயே போய், ரேஷி, ரேனோக், பாக்யோங் வழியா ராணிபூல்ல சேருது. அங்கேருந்து காங்டாக் கூப்பிடு தூரம். அதுவும் மலையை வெட்டித்தான் போகுது, அதுக்கும் சரிவு இருக்கு, தெய்வீக ரோடு ஒண்ணும் இல்ல. ஆனா நதி ஒரு ராத்திரியில கொண்டுபோற ரோடு கிடையாது. அதை முடிச்சு, தண்ணி வடியறதுக்கு ஒழுங்கா மதகு வெச்சு, வருஷா வருஷம் பராமரிக்கக் காசு ஒதுக்கணும். அடுத்து ஏரி ஏரியா எச்சரிக்கைக் கருவியும் கீழ ஊர் ஊரா சைரனும். அடுத்து வடக்கு சிக்கிம், ஜோங்கு பாலங்கள், நதியோட புது மட்டத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டு. இதெல்லாம் முடிஞ்சு காசும் தைரியமும் மிச்சம் இருந்தா அணையைப் பத்தி அந்த ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசட்டும். இப்ப நடக்கறது தலைகீழ்.

போகப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன்லேருந்து அக்டோபர் நடுவரைக்கும் வடக்கு சிக்கிம் பிளான் போடாதீங்க. எந்த மாசம் போனாலும், காங்டாக்லேருந்து காலையில கிளம்பி அன்னைக்கே பாக்டோக்ராவுல பிளைட் பிடிக்கிற மாதிரி டிக்கெட் எடுக்காதீங்க. முதல் நாளே சிலிகுரி வந்து படுத்துக்குங்க. பத்தாம் நம்பர் ரோடு மூடியிருந்தா லாவா வழியா சுத்திக் கொண்டுபோவாங்க, கூட மூணு நாலு மணி நேரம் ஆகும், டிரைவர்கிட்ட சண்டை போடாதீங்க, அவருக்கும் டீசல் கைக்காசுதான்.

அந்த 717ஏ ரோட்ல யாராவது முழுசாப் போய்ட்டு வந்திருந்தா, எங்கெங்க முடிஞ்சிருக்கு, மழைக்கு எப்படித் தாங்குதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. போட்டோ இருந்தா இன்னும் நல்லது. யாக் போட்டோ வேணாம் :-)